அரை யூனிட் பிள்ளைகள்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அடுப்பு மூட்டிய பெண்களில் சம்பூர்ணத்துக்கு ஈடாக ஒருத்தியும் பிறக்கவில்லை. ஒரு கைப்பிடி அரிசியை அவள் உலையில் போட்டால் அது அவள் முறைப்புக்குப் பயந்தே நாலு மடங்கு உப்பிக்கொள்ளும்; தெருவே வந்து உட்கார்ந்து சாப்பிட்டாலும் பானையில் அடி தெரியாது. சரி, தெரு என்றது கூடுதல். வீட்டில் ஐந்து பேர்தான். பானையில் அடியும் தெரியத்தான் செய்தது. தினமும் தெரிந்தது. சில நாள் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் போயிற்று. ஆனால் அந்த முறைப்பு மட்டும் சத்தியம். அதில் ஒரு குந்துமணி அளவும் கூட்டிச் சொல்லவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷத்தில் அவள் கோபப்படாத நாள் என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. கோபப்பட நிறைய இருந்தது. முதலாவது, அவள் வேலை பார்த்த இடம். ரைஸ் மில்லின் களத்தில் அவித்த நெல்லைப் பரப்பிக் காயவைக்கிற வேலை. காலையிலிருந்து வெயில் தாழும் வரை, நெல்லுக்குள் காலை விட்டுக் கிளறிக்கொண்டே மேலும் கீழும் நடக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல வண்டி நெல் அவள் பாதத்துக்குக் கீழே புரளும். சாயங்காலம் கேட்டில் ஒருவன் நிற்பான். "மடியை உதறு" என்பான். உதறுவாள். "காலைத் தட்டு" என்பான். விரலிடுக்கில் ஒட்டியிருக்கிற நெல்லையும் தட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். நாள் முழுக்க நெல்லின் மேல் நடந்தவள் வீட்டுக்குப் போய்க் கேழ்வரகு மாவைக் கரைப்பாள்.

இரண்டாவது, அவள் பெற்றவை. பெரியவன் வரதனுக்குப் பதினாலு வயது. குரல் உடைந்து, மேலுதட்டில் கரிக்கோடு இழுத்தது மாதிரி மீசை முளைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கால்சட்டையை விட்டு வெளியே வளர்ந்துகொண்டிருந்தான். அடுத்தவன் அருணாச்சலத்துக்குப் பதின்மூன்று. அவன் வளர்ந்தானோ இல்லையோ, தின்றான். கூழ்ப்பானை இறங்கும்போதே பக்கத்தில் வந்து குந்திக்கொள்வான். கடைசிப் பெண் செண்பகத்துக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. அவள் கேட்க மாட்டாள். அஞ்சாம் வகுப்பில் இருந்ததால் மதியம் பள்ளிக்கூடத்தில் ஒரு கரண்டி போட்டார்கள். ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட அண்ணன்மாருக்கு அதுவும் கிடையாது. அதனால் வீட்டில் செண்பகம் கடைசியாகச் சாப்பிட்டாள். எல்லாரும் எழுந்த பிறகு, அம்மாவோடு, பானையைக் கழுவுவதற்கு முன்னால்.

"அதுக்குக் குருவி வயிறு" என்று சம்பூர்ணம் சொல்வாள். சொல்லும்போது அது ஒரு பெருமை மாதிரிதான் இருக்கும்.

காலையில் கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். பழவேற்காட்டிலிருந்து கூடைக்காரி வந்த வாரத்தில் வறுத்த சென்னாக்குனி. பொடி இறால் கருவாடு அது; ஒரு பிடி இருந்தால் வாசனையிலேயே பாதிச் சோறு இறங்கிவிடும். இரவுக்கு முருங்கைக்கீரை போட்ட குழம்பும் சோறும். சோறு என்பதில் பாதி நொய். நொய் தீர்ந்தால் மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிசைந்து அடியில் போட்டு, மேலே சோற்றைப் பரப்பி வைப்பாள். பையன்கள் முதல் நாள் ஏமாந்தார்கள். இரண்டாம் நாள் அருணாச்சலம் கையை நேராக அடிக்கு விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் தட்டை நீட்டினான். கரண்டிக் காம்பால் ஒன்று வாங்கினான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் புது ரேஷன் கார்டு வந்து சேர்ந்தது.

கடையில் எடை போடுகிறவன் அரசப்பன். சாது. சம்பூர்ணத்தைக் கண்டால் தராசுக்குப் பின்னால் ஒரு அடி தள்ளியே நிற்பான். அன்றைக்கு அவள் வரதனையும் அழைத்துக்கொண்டு போயிருந்தாள், பை தூக்க. அரிசியைக் கொட்டியதும் பை பாதிகூட நிமிரவில்லை.

"இன்னாப்பா இது? தராசு பசியா கீதா, நீ பசியா கீறியா?"

"அக்கா, கார்டுல இன்னா போட்டுக்கீதோ அதான் குடுப்பேன். பெரியவங்க ரெண்டு, சிறியவங்க மூணு. பன்னெண்டு வயசு ஆவாததுக்கு அரை யூனிட்டு."

"ஆவாததா? யாருக்கு ஆவல?"

அரசப்பன் கார்டைத் திருப்பிக் காட்டினான். "வரதன், பதினொண்ணு. அருணாச்சலம், பத்து. செண்பகம், ஒம்போது."

சம்பூர்ணம் மகனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இத்தப் பாரு. இது இன்னா, புழுதியா? மீச! மீச வெச்ச கொழந்தைய எந்த ஊர்லயாச்சும் பாத்துக்கிறியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வரதன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் எழுதலக்கா, ஊட்டுக்கு வந்து எழுதிக்கினு போனாங்களே, அவங்களக் கேளு" என்றான் அரசப்பன்.

வீட்டுக்கு எழுத வந்தபோது அவள் களத்தில் இருந்தாள். வீட்டில் இருந்தவர் புருஷன் ஆதிகேசவன். அதே மில்லில் மூட்டை தூக்குகிறவர். அன்றைக்கு இடுப்புப் பிடிப்பில் படுத்திருந்தார். இப்போதும் பாயில் படுத்திருந்தவரிடம், சம்பூர்ணம் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"யோவ், கார்டு எழுத வந்தவன்கிட்ட புள்ளைங்க வயசு இன்னான்னு சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? சர்ட்டிபிகேட்டக் காட்டினேன்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தத் தெருவில் பெட்டிக்குள் சர்ட்டிபிகேட் வைத்திருந்த வீடுகள் அதிகம் இல்லை.

அப்போதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், நடவுக்கும் அறுப்புக்கும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த குடும்பம் மில்லில் வேலை கிடைத்துக் கும்மிடிப்பூண்டியில் தங்கியதும், ஆதிகேசவன் செய்த முதல் காரியம் பையன்கள் இருவரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. ஒருவனுக்கு ஒன்பது, மற்றவனுக்கு எட்டு. அதற்குள் மாடு மேய்த்து முடித்திருந்தார்கள். சேர்க்கிற இடத்தில் யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள்: வயதைக் குறைத்துப் போடு, நாளைக்குக் கவர்மெண்டு உத்தியோகம் கிடைத்தால் ரிட்டையர் ஆவதற்குக் கூட இரண்டு மூன்று வருஷம் வேலை பார்க்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதம் முதல் தேதிதான் பிறந்திருந்தார்கள். மறு வருஷம் செண்பகத்துக்கும் அப்படியே.

"மூணு வருஷ சம்பளம், சம்பூர்ணம். யோசிச்சுப் பாரு. மூணு முழு வருஷம்."

"எப்போ?"

"அவன் ரிட்டையர் ஆவும்போது."

"அம்பத்தஞ்சு வயசுல துன்றதுக்குப் பதினாலு வயசுல காயப்போடுவியா? அது வரைக்கும் உசுரோட இருக்கணுமே, அதுக்கு இன்னா சர்ட்டிபிகேட்டு வெச்சிருக்க?"

ஆதிகேசவன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அவருக்குப் பேச்சு வராது. மூட்டை தூக்கத்தான் தெரியும். ஆனால் அவர் வைத்திருந்த ஒரே ஆசை அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே கோபம் இன்னும் ஏறியது. ஆசைக்கு அரிசி வேண்டாம். ஆசை வைத்தவர் பெற்றதுகளுக்கு வேண்டும்.

"வரதா, எடுத்துப் படி. உன் கவர்மெண்டு தேதியக் கேக்கறேன்."

வரதன் படித்தான். "வரதன். ஒண்ணு, ஆறு, அறுவத்திரெண்டு."

"ம்."

"அருணாச்சலம். ஒண்ணு, பதினொண்ணு, அறுவத்திரெண்டு."

சம்பூர்ணம் மூலையில் கிடந்த விளக்குமாற்றைக் காலால் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். விரலை மடக்கினாள். தமிழ் மாதத்தில் எண்ணாமல், இங்கிலீஷ் மாதத்திலேயே எண்ணினாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஒரு கை முடிந்ததோடு நவம்பர் வந்துவிட்டது.

"அஞ்சு மாசம்" என்றாள். பிறகு சத்தமாக, "அஞ்சு மாசம்! நான் இன்னா ஆடா? ஆடுகூட ஒண்ணு ஈன்னா கொஞ்சம் மூச்சு வுட்டுட்டுத்தான் அடுத்தத ஈனும்! யோவ், எழுதுன வாத்தியாருக்குப் பொஞ்சாதி புள்ள உண்டா, இல்ல மரத்துலேர்ந்து நேரா எறங்கி வந்தாரா?"

ஒரே நாளில் சேர்ந்த அண்ணன் தம்பிக்கு ஒரே தேதி போட்டால் இரட்டையர் ஆகிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் யோசித்திருக்கிறார். அது வரைக்கும்தான் யோசித்திருக்கிறார். நடுவில் ஒரு தாய் இருக்கிறாள் என்று அவருக்கும் தோன்றவில்லை, கூடவே நின்று தலையாட்டிய ஆதிகேசவனுக்கும் தோன்றவில்லை.

"இத்த எடுத்துக்கினு தாலுகா ஆபீஸ் போறேன்."

"வேணாம்மே" என்றார் ஆதிகேசவன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இஸ்கூல்ல தெரிஞ்சா வயச மாத்திடுவாங்க. எல்லாம் பூடும்."

"போவட்டும்."

பக்கத்து வீட்டு விக்டோரியா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "போறதுன்னா மூணையும் இட்டுக்கினு போ சம்பூர்ணம். காகிதத்தப் பாத்து எழுதுனவன் ஆளப் பாத்து எழுதட்டும். நாஷ்டா குடுக்காத. வாடிப்போய் நின்னாத்தான் கண்ணு தெரியும் அவனுங்களுக்கு."

நாஷ்டா கொடுக்காமல் இருப்பதில் அந்த வீட்டுக்கு ஒன்றும் புதிய சிரமம் இல்லை.

ஒரு நாள் கூலி போக, மூன்று பிள்ளைகளோடு பஸ் ஏறினாள். சிவில் சப்ளை பார்க்கிற அதிகாரி ராஜமாணிக்கம் மேஜைக்குப் பின்னால் ஃபைல்களுக்கு நடுவில் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். வெளியே வரிசை நீண்டு, உள்ளே அவள் முறை வரும்போது உச்சி வெயில். மேஜையின் ஓரத்தில் அவருடைய டிபன் கேரியர் இருந்தது. மூடியிருந்தாலும் உள்ளே வெங்காய சாம்பார் என்று அறைக்கே தெரிந்தது. அருணாச்சலம் அதைப் பார்த்தான்; சம்பூர்ணம் அவன் காதைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தாள்.

"வயசெல்லாம் நாங்களா போடறதில்லம்மா" என்றார் அதிகாரி, கார்டைப் பார்த்துக்கொண்டே. "உங்க ஊட்டுக்காரர் காட்டின சர்ட்டிபிகேட்."

"ஐயா, கொஞ்சம் தல நிமிந்து பாருங்க. இவன் பதினொண்ணா?"

அவர் நிமிர்ந்தார். வரதன் மேல் பார்வை ஏறி இறங்கியது. "வளத்தியான பையன்."

"வளத்தி இல்லீங்க, வயசு. பதினாலு."

"ஆளப் பாத்து எழுத முடியாதும்மா. ரூல்னு ஒண்ணு கீது. காகிதம் இன்னா சொல்லுதோ அதான்."

"காகிதந்தானா?"

"காகிதந்தான்."

சம்பூர்ணம் மடியிலிருந்து இரண்டு சர்ட்டிபிகேட்டையும் எடுத்து அவர் முன்னால் அடித்து வைத்தாள். மைக்கூடு துள்ளியது. "அப்ப காகிதத்தயே கேளுங்க. மொத புள்ள ஜூன். அடுத்தது நவம்பர். அதே வருஷம். எண்ணிப் பாத்துட்டு எனக்கு வெளக்கம் சொல்லுங்க. பெத்தவ நான், எனக்கே தெரியாம எப்பப் பெத்தேன்னு தெரிஞ்சுக்கணும்."

பக்கத்து மேஜையில் ஒரு குமாஸ்தா களுக்கென்று சிரித்தார். அவள் திரும்பிய வேகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னா சிரிப்பு? உங்கம்மா உன்ன எத்தினி மாசம் சொமந்தா? போய்க் கேட்டுட்டு வந்து சிரி!"

ராஜமாணிக்கம் காகிதங்களைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். எழுதிக்கொண்டு வந்த மூலப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தார். அது இரண்டு அறை தள்ளி இருந்தது. விட்டால் மனிதர் அப்படியே சாப்பாட்டு வேளை என்று நழுவிவிடுவார் என்று சம்பூர்ணத்துக்குச் சந்தேகம். "இங்கயே குந்திக்கினு இருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள். அங்கே ஃபைல் கட்டுகளுக்கு நடுவில், தூசியில், அதிகாரி தானும் விரல் மடக்கி எண்ணுவதைப் பார்த்தாள். இன்னொரு தரம் எண்ணினார். ஏழு மாதத்துப் பிள்ளை என்றாலும் கணக்கு உதைத்தது.

"ரெண்டுல ஒண்ணு தப்புதான்" என்றார் கடைசியில்.

"ரெண்டுமே தப்பு."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்! அன்னிக்கு அங்க நான்தான் இருந்தேன், உங்க ரூல் இல்ல!"

இப்படியே சண்டை போட்டுக்கொண்டு இருவரும் திரும்பி வந்தபோது, அறையில் வெங்காய சாம்பார் வாசனை முன்னைவிடப் பலமாக இருந்தது. குமாஸ்தா காபிக்குப் போயிருந்தார். வரதன் வாசல் பக்கம் தண்ணீர்ப் பானையருகே நின்றான். செண்பகம் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஜைக்கு முன்னால் அருணாச்சலம், கையில் கேரியர் மூடியோடு. அடுக்குகள் கழுவித் துடைத்தது மாதிரி மின்னின. ஒரு கறிவேப்பிலைகூட மிச்சம் இல்லை.

சம்பூர்ணத்தின் கை அவளைக் கேட்காமலே போயிற்று. கன்னத்தில் விழுந்த அடியில் மூடி கீழே விழுந்து அறை முழுக்கச் சுற்றி வந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. "மானத்த வாங்கிட்டியேடா! பிச்சைக்கா இட்டாந்தேன் உன்ன?" அடுத்த அடிக்குக் கை ஓங்கியபோது அதிகாரி குறுக்கே வந்தார்.

"வுடும்மா, வுடும்மா." அவர் கேரியரைச் சாய்த்து உள்ளே பார்த்தார். நம்பாமல் அடுத்த அடுக்கையும் பார்த்தார். "ராத்திரிக்கும் சேத்துக் கட்டினது இது. நானே ரெண்டு தடவையாத்தான் துன்னுவேன்."

சம்பூர்ணத்துக்கு அவமானத்தில் கண் எரிந்தது. ஆனால் அவளுடைய அவமானமும் கோபமாகத்தான் வெளியே வரும். "பாத்துக்கினீங்க இல்ல? இதான் உங்க அரை யூனிட்டு! இந்த அரைக்குத்தான் நான் தெனம் ஆக்கிப் போடறேன். ஒரு நாள், ஒரு வேளை, நீங்க போட்டீங்க. எப்படிக் கீது?"

ராஜமாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். காலி அடுக்குகளை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். அப்புறம் பேனாவை எடுத்தார். சர்ட்டிபிகேட்டுகளை மடித்து அவள் பக்கமே தள்ளினார். "இத்தப் பெட்டியில வெச்சுப் பூட்டு. இஸ்கூலுக்கு நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல. நேர்ல விசாரிச்சதுன்னு கார்டுல போட்டுக்கறேன்." வரதன் பெயருக்கு எதிரே ஒரு கோடு, முழு. அருணாச்சலத்துக்கு ஒரு கோடு, முழு. பேனா மூன்றாவது பெயரில் நின்றது.

"பொண்ணு தேதியில தப்பு ஒண்ணும் இல்லியே. சரியாத்தான் கீது, அண்ணனுக்கு ஒண்ணர வருஷம் கழிச்சு."

"அதுக்கும் பன்னெண்டு முடிஞ்சுடுச்சுங்க."

அவர் செண்பகத்தைப் பார்த்தார். சின்ன உருவம், ஒட்டிய கன்னம், தரையைப் பார்த்த கண். "பொட்டப்புள்ளதானேம்மா. இது எவ்ளோ துன்னுடப் போவுது? ரெண்டு மாத்தினதே எனக்கு எப்ப வந்து முடியுமோ."

சம்பூர்ணம் வாயைத் திறந்தாள். மூடினாள். இரண்டு கிடைத்ததை மூன்று கேட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவளுக்குள் ஏதோ சொன்னது. நாள் முழுக்கக் கத்தியவள் அந்த இடத்தில் மட்டும் தலையாட்டினாள். "ஆமாங்க. அதுக்குக் குருவி வயிறு."

கார்டில் முத்திரை விழுந்தது. பெரியவர் நான்கு, சிறியவர் ஒன்று.

வீடு வந்து சேர்ந்த சாயங்காலமே கடைக்குப் போய், அரசப்பன் முகத்துக்கு எதிரே கார்டை ஆட்டி, விட்டுப்போன மீதி அரிசியை வாங்கிவந்தாள். ஆதிகேசவன் சர்ட்டிபிகேட்டுகளை ஒன்றுக்கு மூன்று முறை தடவிப் பார்த்துப் பெட்டியில் வைத்தார். செண்பகம் முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். விக்டோரியா வேலியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டாள்.

"சொல்லு சொல்லு, ஆபீசரு இன்னா சொன்னான்?"

சம்பூர்ணம் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்து கைகட்டி நின்றார்; குமாஸ்தாக்கள் பத்துப் பேர் ஜன்னல் வழியாக ஓடினார்கள்; மைக்கூடு கூரை வரை எம்பியது. எல்லாவற்றுக்கும் மேலே டிபன் கேரியர். "நாலடுக்கு விக்டோரியா! நாலடுக்கு, ஒவ்வொண்ணும் இந்தா இம்மாம் பெருசு. இந்தத் தடியன் ஒண்டி ஆளாக் காலி பண்ணிட்டு மூடியக் கையில புடிச்சிக்கினு நிக்கறான், கஞ்சித் தொட்டிக்கு வந்தவனாட்டம். வுட்டேன் ஒண்ணு. ஆனா அந்தத் தீனியப் பாத்துத்தான் ஆபீசரு பேனாவ எடுத்தான். இல்லாட்டி வெறுங்கையோட வந்திருப்பேன்."

விக்டோரியா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டேய் அருணாச்சலம், கேரியர்ல இன்னாடா பொரியலு?"

அருணாச்சலம் வீங்கிய கன்னத்தைத் தடவினான். "எனக்கு இன்னா தெரியும்?" என்றான்.

"துன்னவனுக்குத் தெரியாதா? அவ்ளோ அவசரமா?"

முறத்தில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது. "நாலடுக்கு இல்லம்மா, மூணுதான்" என்றாள் செண்பகம். "பொரியல் கத்திரிக்கா. அண்ணன் மூடி போடத்தான் வந்துச்சு. துன்னது நான்."